போயிட்டு வரேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்காமல் விழுங்கவும்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு சின்னத் தகராறு. பயப்படாதீர்கள், ஜெயித்தது நான்தான். வேலை முடிந்து கிளம்பும்போது நம் வழக்கப்படி எல்லாரிடமும் "போயிட்டு வரேன்" என்று இந்த ஊர்ப் பாஷையில் சொல்வேன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நான் உடனே திரும்பி வருவேன் என்று அப்படியே நம்பி, கோட்டு மாட்டிக்கொண்டு, சாப்பிடவும் வராமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

மறுநாள் மேற்பார்வை பார்க்கும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "போறேன்னு மட்டும் சொல்லு. வரேன்னு எதுக்கு ஆசை காட்டுற?"

"எங்க வீட்ல போறேன்னு சொன்னா வாயிலயே போடுவாங்க மேடம். எனக்கு அது வராது."

அன்றும் சொன்னேன். "போயிட்டு காலையில வரேன், சாப்பிட்டுத் தூங்குங்க" என்று கூடவே சேர்த்தும் சொன்னேன். பெரியவர் சாப்பிட்டார். காலையில் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தவர், "வண்டி லேட்டு" என்றார். மேற்பார்வை அம்மாவே சிரித்துவிட்டார். இனியும் அப்படித்தான் சொல்வேன்.

என் பழைய பருத்தித் துண்டுகள் இரண்டை அனுப்புங்கள். இங்கே வாங்கியது முகத்து ஈரத்தைக்கூட இழுக்க மாட்டேன் என்கிறது.

இன்னொன்று. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று "போயிட்டு வரேன்ப்பா" என்றேன். கோபத்தில் நீங்கள் "போ" என்று மட்டும் சொன்னீர்கள். அது பாதிதான். மீதியை ஞாயிற்றுக்கிழமை போனில் வாங்காமல் விடமாட்டேன்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. போயிட்டு வரேன்.

உங்கள் மகள்