ரோஸ்லின் பொடித்த எரிமலைக் கற்கள்

என் தோழியாய் வந்து அண்ணன் மனைவியாய் ஆன ரோஸ்லினுக்கு,

கல்யாணத்துக்குப் பிறகு உன்னை ‘அண்ணி’ என்று கூப்பிடச் சொல்லி அம்மா எத்தனையோ முறை திட்டினாள். என் வாயில் அது வரவே இல்லை. இப்போதும் நீ ரோஸ்லின்தான். சுகமா என்று உன்னிடம் கேட்க முடியாது, அதனால் நேரே செய்திக்கு வருகிறேன். உன் வழிகாட்டிப் பேராசிரியரை நான் மேடையில் வைத்தே மடக்கிவிட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். பழைய பெருங்கண்டம் பிளந்தபோது நம் கிழக்குக் கரையோரம் நிலம் இழுபட்டு நடுவில் தாழ்ந்தது. அந்தப் பிளவு வழியாக எரிமலைக் குழம்பு ஏறி வந்து இறுகியது. பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் மணலும் களிமண்ணும் அதன்மேல் படிந்து அதை மூடிவிட்டன. எண்ணெய் தேடி ஆழ்துளை போட்டவர்கள் அடியிலிருந்து எடுத்த அந்தக் கருங்கற்களைத்தான் நீ பொடித்தாய், கரைத்தாய், எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளந்தாய்.

உன் கற்களில் நியோபியம் குறைந்திருந்தது, தோரியம் கூடியிருந்தது. பூமியின் ஆழத்திலிருந்து கலப்பில்லாமல் வந்த குழம்பென்றால் அப்படி இருக்காது. மேலே வரும் வழியில் அது கண்டத்தின் பழைய பாறையை உருக்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது என்றாய். கலப்பே இல்லாத குழம்பு என்று ஊரெல்லாம் பேசி வந்தவர் உன் பேராசிரியர். அவருக்கு இது எப்படிப் பிடிக்கும்?

அடையாறில் அந்தக் கருத்தரங்கு நடந்த அன்று நான் உன் பக்கத்தில்தான் இருந்தேன். நீ பேசி முடித்து வந்து உட்கார்ந்திருந்தாய், உன் வரைபடம் இன்னும் திரையில் இருந்தது. அவர் எழுந்து, சிரித்துக்கொண்டே சொன்னார்: “கலப்படம் பாறையில இல்லம்மா, உன் கையில. மீன் கழுவுற கையால கல்லைப் பொடிச்சா இப்படித்தான் வரும்.”

கூடமே சிரித்தது. பட்டினப்பாக்கத்தில் உன் அம்மா மீன் விற்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நான் எழுந்து கத்தினேன். என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, “உக்காருடி, சீன் போடாத” என்றாய். ஒவ்வொரு கல்லுக்கு முன்பும் சுத்தமான படிகக்கல்லை அரைத்து, அந்தப் பொடியையும் அளந்து, இயந்திரத்தில் பழைய தூள் ஒட்டவில்லை என்று உறுதி செய்தவள் நீ. அதைச் சொல்ல வாய் திறந்தாய். நேரமாகிவிட்டது என்று அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

உன் ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போடவில்லை. நீ பெருங்குடியில் தண்ணீர் பரிசோதிக்கும் கம்பெனியில் சேர்ந்தாய். அடுத்த மழைக்காலத்தில் டெங்கு வந்தது. உன்னைக் கொண்டுபோனது காய்ச்சல்தான், அவரில்லை. அந்தப் பழியை நான் அவர்மேல் போடமாட்டேன். அவர் செய்ததே போதும்.

நீ போன பிறகு ஒரு காலை, நிலவியல் வகுப்பெடுக்கக் கல்லூரிக்குக் கிளம்பும்போது அவருடைய புதிய கட்டுரை கண்ணில் பட்டது. கண்டத்துப் பாறையை உருக்கிச் சேர்த்துக்கொண்ட குழம்பு! உன் வரைபடம், உன் புள்ளிகள். நீ சந்தேகப்பட்டு இரண்டாம் முறை அளந்த அந்த ஒரு கல்கூட அப்படியே இருந்தது. உன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

உடனே போய்ச் சண்டை போடவில்லை, ரோஸ்லின். நீ ஆச்சரியப்படுவாய். பாறைகளைச் சேமித்து வைத்திருக்கும் கிடங்குக்கு விண்ணப்பித்து, நீ எடுத்த அதே ஆழத்திலிருந்து மிச்சக் கற்களை வாங்கினேன். யாருடைய ஆய்வு என்று சொல்லாமல் வெளியூரில் இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினேன். இரண்டிலும் நீ சொன்னதுதான் வந்தது. நியோபியம் குறைவு, தோரியம் அதிகம். முடிவைப் பார்த்துக் கல்லூரி மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, அவர் அடுத்து எங்கே பேசுகிறார் என்று விசாரித்தேன்.

தி.நகரில் பாராட்டு விழா. சால்வை, மாலை, முன்வரிசையில் அவருடைய மாணவர்கள். அவர் உன் கண்டுபிடிப்பைத் தன்னுடையதாக அழகாக விளக்கினார். ஒன்று சொல்லவேண்டும், நன்றாகத்தான் பேசினார். கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன்.

“சார், இந்த நியோபியம் குறைவு லேப்ல வந்த அழுக்கா இருக்கலாம் இல்லையா?”

“வாய்ப்பே இல்லம்மா. ரொம்ப சுத்தமா செஞ்ச அளவு. ஒவ்வொரு கல்லுக்கு முன்னாடியும் இயந்திரத்தை சோதிச்சிருக்கோம்.”

“அப்ப ரோஸ்லின் கை சுத்தமா இருந்ததுன்னு ஒத்துக்கறீங்களா, சார்?”

அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. “எந்த ரோஸ்லின்?” என்றார். உன் ஆய்வேட்டிலிருந்து அட்டவணையைப் படித்தேன். திரையில் அவருடைய புள்ளிகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பொருந்தின. முன்வரிசையிலிருந்து அவருடைய மாணவி ஒருத்தி எழுந்தாள். அந்தக் கட்டுரையில் அவள் பெயரும் உண்டு.

“சார், நீங்களே அளந்ததுன்னுதானே எங்ககிட்ட சொன்னீங்க?”

அவர் அவளைப் பார்த்து, “அப்புறம் பேசலாம்” என்றார். அவள் உட்காரவில்லை.

அந்தப் பெண் தன் பெயரை நீக்கச் சொல்லி இதழுக்கு எழுதினாள். விசாரித்தார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சொல்லக் கூச்சமில்லை, எனக்கு இனித்தது. பல நாள் இனித்தது.

உன் அம்மாவிடம் சொல்லப் பட்டினப்பாக்கம் போனேன். வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தவே இல்லை. “அதெல்லாம் கெடக்கட்டும்டி. அவன் மூஞ்சி எப்டி ஆச்சி? அத்த சொல்லு மொதல்ல.” சொன்னேன். “இன்னொரு தபா சொல்லு” என்றாள். மறுபடியும் சொன்னேன். அப்புறம்தான் கத்தியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அண்ணனுக்குத்தான் இதில் இஷ்டமில்லை. திருவான்மியூர் வீட்டில் உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, “போதும் ஸ்டெல்லா. செத்துப்போனவள ஏன் மேடை மேடையா இழுத்துக்கினு போற? அவளே கேட்டிருக்க மாட்டா” என்றான். நீ கேட்டிருக்கமாட்டாயா? உட்காரு என்றுதான் சொல்லியிருப்பாயா? அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்? நீயே சொல்.

போன வாரம் உன் பேராசிரியரே மயிலாப்பூரில் என் கல்லூரிக்கு வந்தார். மெலிந்து போயிருந்தார். வாசலில் வாகை மரத்தடியில் நின்றபடியே பேசினார்.

“மனசு கேக்கலம்மா. ரோஸ்லின் கல்லறையில ஒரு மாலை வெச்சுட்டு வரணும். எங்கன்னு சொன்னா போதும்.”

“சொல்லமாட்டேன்.”

“மன்னிப்பு கேக்கத்தான்மா.”

“கேட்டா அவ பதில் சொல்லமாட்டா. அது தெரிஞ்சுதானே அங்க போறீங்க? நாலு பேர் இருக்கற எடத்துல கேளுங்க சார். அவங்க அம்மாவ முன்னால உக்கார வெச்சுக் கேளுங்க.”

ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்சம் பயந்திருந்தேன்.

புதிய அளவுகளையும் உன்னுடையவற்றையும் சேர்த்து நான் எழுதிய கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். முதல் பெயர் உன்னுடையது. பெயருக்குப் பக்கத்தில், மறைந்தவர் என்று காட்ட ஒரு சிறு சிலுவைக்குறி போடுவார்களாம். அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தக் குறிமேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு உன் பெயரை ஒருமுறை வாசித்தேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். அந்த மனிதர் உன் அம்மா முன்னால் நின்று, உன் பெயரைத் தன் வாயால் சொல்லும்வரை, அவர் பேசப் போகிற எந்தக் கூட்டத்திலும் ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். கேள்வி கேட்கக்கூட வேண்டாம். அவர் என்னைப் பார்த்தால் போதும்.

விடாதவள்,
உன் நாத்தனார் ஸ்டெல்லா