வளைந்து இறங்கும் கோடு

பழைய கம்பளியைப் பிரித்ததும் வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. உன் ஊர் பெருமாட்டியிலிருந்து மூணாறு வரை உன் மகள் நீ வரைந்த ஓவியத்தை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இதைய உங்க கையிலதான் குடுக்கோணும்னு அப்பா கடைசியாச் சொன்னாருங்க சித்தப்பா."

பனிச் சரிவு. சாம்பல் வானம். ஆள் ஒருவரும் இல்லை. என் மனைவி எட்டிப் பார்த்து, "நம்ம தேயிலைக் காட்டுல மஞ்சு எறங்குன மாதிரில்லா இருக்கு" என்றாள். சரிவில் வளைந்து வளைந்து இறங்கிய மெல்லிய கோட்டை நானும் ஓடை என்றுதான் எடுத்துக்கொண்டேன். உறைபனியில் ஏது ஓடை? அடியில் மணல் மூட்டைகள், நடுவே ஒரு கரிய முனை. துப்பாக்கிக் குழல். மற்றதெல்லாம் மங்கல், முனையும் கோடும் மட்டும் கூர்மை. ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்தவன் வரைந்த படம்.

ராணுவத்தில் எல்லைக் காவலுக்கு நாம் சேர்ந்திருந்த அந்தக் காலை நினைவுக்கு வந்தது. ரோந்து போனவர்கள் கொடி நட்ட தடத்தில் நேராகத் திரும்ப வேண்டும். தடம் மாறி எவன் வந்தாலும் சுடு என்பது உத்தரவு. பனிமூட்டத்தில் நான் மட்டும் பிந்திவிட்டேன். கொடி கண்ணில் படவில்லை. செங்குத்துச் சரிவைக் கண்டதும் கால் ஊர்ப் புத்தியைக் காட்டியது. தேயிலைக் கொழுந்து மூட்டையோடு இறங்கும் எங்கள் எஸ்டேட் ஆட்களைப் போல வளைந்து வளைந்து இறங்கினேன்.

காவலில் நீ இருந்தாய். பதுங்குகுழிக்குள் குதித்த என்னைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தாய்.

"நேரா வரத் தெரியாதாடா, மலைக்காரா?"

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உனக்குத் திமிர் என்று நினைத்தேன். அந்த அறையை வருடக்கணக்கில் சொல்லிக்காட்டினேன், பாவி நான். நீ ஒருமுறைகூடப் பதில் சொன்னதில்லை.

"பயந்து வரைஞ்ச படமாட்டம் இருக்குதுங்க. எந்த எதிரியப் பாத்து அப்பா இப்படிப் பயந்தாரு?" என்று உன் மகள் கேட்டாள்.

"எதிரி இல்லம்மா. அந்தக் கோட்டுல எறங்கி வந்தவன் நான்தான். எஸ்டேட்காரன் நடைன்னு கண்டுக்கிட்டு உங்கப்பா சுடாம விட்டுட்டாரு."

"தெரியாமப் போயிருந்தா?"

இத்தனை வருடமும் அந்தக் கேள்வியோடு நீ தனியாகத்தான் இருந்திருக்கிறாய்.

படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். தேயிலைத் தோட்டமா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்றுவிடுகிறேன். இன்று காலை ஃபாக்டரிச் சரிவில் இறங்கும்போது கால் தானாக வளைந்தது. பாதியில் நின்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். இன்னொரு முறை அறையமாட்டாயா என்றிருந்ததுடா.