நான்காவது கடை

கார்ன்ஸ்பி
11 அக்டோபர் 2021

அன்புள்ள யூக்லிங்,

லண்டனில் குளிர் தொடங்கிவிட்டதா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? தொலைபேசியை எடுக்கவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. உங்கள் சங்கத்தின் துண்டறிக்கையில் கடைத் தொலைபேசி எண் வந்த நாள் முதல் யார் யாரோ கூப்பிட்டு, இன்றைக்கு நாய்க்கறி உண்டா, வௌவால் உண்டா என்று கேட்கிறார்கள். அதனால் அணைத்து வைத்துவிட்டேன். இனி நமக்குள் கடிதம்தான்.

நீ ஒட்டிவிட்டுப் போன ஆரஞ்சுப் பழ ஸ்டிக்கர் என் கடைக் கண்ணாடியில் அப்படியே இருக்கிறது. தெருவில் சீன முகம் என்று நம்மவர்களை யாராவது துரத்தினால் அந்தப் பழம் இருக்கும் கடைக்குள் புகுந்துகொள்ளலாம் என்று சொன்னாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏழு கடைகளையும் எண் போட்டு அச்சடித்திருக்கிறாய். இரண்டாம் தேதி, சனிக்கிழமை, முதல் கடையான பிலிப்பைன்ஸ் மளிகையில் கண்ணாடியை உடைத்தார்கள். நேற்று முன்தினம், அதுவும் சனிக்கிழமை, இரண்டாவதான சோம்சக்கின் கடை. சீனாவுக்கே திரும்பிப் போ என்று கத்தினார்களாம். அந்தத் தாய்லாந்துக்காரர், "நான் சீனாவைப் பார்த்ததே இல்லப்பா, டிக்கெட் எடுத்துக் குடு, போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாராம். கேட்டுச் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து துண்டறிக்கையை எடுத்துப் பார்த்தேன். நான் நான்காவது.

என் பெயரை எடுத்துவிடு, கண்ணு.

உன் அக்கா,
துயெத்


லண்டன்
14 அக்டோபர் 2021

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு கடைகள் வரிசையாக அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம். இத்தனை வருடம் சீனர் ஒரு மூலை, வியட்நாமியர் ஒரு மூலை, பிலிப்பைன்ஸ்காரர் ஒரு மூலை என்று தனித்தனியாக அடி வாங்கினோம். அடிக்கிறவன் பாஸ்போர்ட்டைப் பார்த்தா அடிக்கிறான்? சீனப் பெண்ணான எனக்கு வியட்நாமியரான நீங்கள் அக்கா ஆனது போல, இப்போதுதான் எல்லோரும் முதல் தடவையாக ஒன்றாக நிற்கிறோம். நீங்கள் விலகினால் மற்ற ஆறு கடைகளும் விலகிவிடும்.

பள்ளி விட்டு வரும்போது என் சடையைப் பிடித்து இழுத்த பையன்களைச் சூப்புக் கரண்டியோடு தெருமுனை வரை விரட்டிய துயெத் அக்காவா இப்படி எழுதுவது? நம்பவே முடியவில்லை. அடுத்த அச்சு நவம்பரில். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
யூக்லிங்


கார்ன்ஸ்பி
18 அக்டோபர் 2021

யூக்லிங்,

சனிக்கிழமை மூன்றாவது கடை. இந்த முறை கண்ணாடியோடு நிற்கவில்லை, கடைக்காரருக்கு நெற்றியில் ஒன்பது தையல். காவலர் வந்தார், எழுதிக்கொண்டார், போனார்.

கரண்டியைத் தூக்கியபோது எனக்கு முப்பது வயது. எதிரே நின்றவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள். அதையும் இதையும் ஒன்றாக்காதே.

நேற்று உன் அப்பாவின் மீன் பொரியல் கடைப்பக்கம் போனேன். கண்ணாடி பளபளவென்று இருக்கிறது, பழத்தைக் காணோம். பட்டியலிலும் அவர் கடை இல்லை. இத்தனை நாள் இது எனக்கு உறைக்கவே இல்லை பார். ஒட்டச் சொன்னதற்கு மறுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிராமல், "எம் பொண்ணு எங்கிட்ட கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

அது உண்மையா? வருகிற சனிக்கிழமை என் முறை. அதற்குள் பதில் எழுது.

துயெத் அக்கா


லண்டன்
20 அக்டோபர் 2021

அக்கா,

உண்மைதான். அப்பா முடியாது என்று சொல்லியிருந்தால் எனக்குக் கவலையில்லை. சரி என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். இதய அடைப்புக்கு இரண்டு முறை ஸ்டென்ட் வைத்த மனிதர். உங்களிடம் கேட்டேன், ஏனென்றால் நான் கேட்டு நீங்கள் எதையும் இல்லை என்றதில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை கடையைத் திறக்காதீர்கள், யார் வந்தாலும் கதவுப் பக்கம் போகாதீர்கள். பட்டியலிலிருந்தும் உங்கள் பெயரை நீக்குகிறேன். முதியோர் இல்லங்களுக்கும் விடுதிகளுக்கும் போய்ச் சேர்ந்த தாள்களைத் திரும்ப வாங்க மட்டும் ஒரு வாரம் ஆகும்.

என்னை மன்னித்துவிடுங்கள்.

யூக்லிங்


கார்ன்ஸ்பி
1 நவம்பர் 2021

யூக்லிங்,

உன் அடுத்த இரண்டு கடிதங்களும், அப்பாவிடம் சொல்லி அனுப்பிய செய்தியும் வந்தன. எழுதக் கை வரவில்லை, அதனால்தான் தாமதம்.

வெள்ளிக்கிழமையே ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். பிசின் போக வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். சனிக்கிழமை கதவைப் பூட்டி, விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மாலை நான்கரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். முதலில் கையால், அப்புறம் எதையோ வைத்து. ஒரு பெண் குரல் எனக்குப் புரியாத பாஷையில் கூப்பிட்டது. என்னை வெளியே வரவழைக்கப் பெண்ணை விட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. கண்ணாடி உடையவில்லை. தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன், யூக்லிங். தேநீர் போட்டுக் குடித்தேன்.

அவள் பெயர் ரோவேனா, பிலிப்பைன்ஸ்காரி. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே சுவரில் உன் தாள் இன்னும் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து மூன்று பேர் துரத்தியிருக்கிறார்கள். அவள் நான்காம் எண்ணை நினைவு வைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். கதவு திறக்காததால் ஐந்தாவது கடையை நோக்கி ஓடினாள். பாதி வழிதான் போக முடிந்தது. வலது கண் இனி தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

உன் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் அந்தக் கதவு தட்டும் சத்தம்தான் கேட்கும். வராதே. எழுதவும் வேண்டாம்.

நேற்று கஞ்சி காய்ச்சி மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். சங்கத்திலிருந்து வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஊட்டிவிட்டேன். நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நாலாவது கடைக்காரங்க அன்னைக்கு ஊர்ல இல்ல போலிருக்கு. இருந்திருந்தா திறந்திருப்பாங்க, இல்லையாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம், ஊரில் இல்லை என்றேன்.

துயெத்