திறக்காத குளம்

அன்பு மகளே,

"என் கையால மீன் வாங்கித் தின்ன ஓர்கா திமிங்கிலம் என் காலையே ஏம்மா கவ்வி இழுக்கணும்?" என்று தொலைபேசியில் கேட்டாய். உடனே, "டீச்சரம்மா, பாடம் எடுத்துடாதே!" என்று சிரிக்கவும் செய்தாய். எத்தனை தையல் என்று நான் கேட்கவில்லை.

ஒருமுறை பனிப்புயலில் என் வகுப்பு மூன்று நாள் பள்ளிக்குள் அடைந்து கிடந்தது. மூன்றாம் நாள், அதிர்ந்தே பேசாத ஹல்லா என்ற மாணவி பக்கத்துச் சிறுமியைக் கடித்துவிட்டாள். புயல் ஓய்ந்து கதவைத் திறந்தேன். பனியில் ஓடித் திரும்பியவள் தானே மன்னிப்புக் கேட்டாள். காட்சிக் குளத்தில் நீ பழக்கும் திமிங்கிலத்துக்கு இருபது வருடமாகக் கதவே திறக்கவில்லை.

அதைக் குட்டியாக இருக்கும்போது பிடித்துக்கொண்டு போன நம் ஐஸ்லாந்து விரிகுடாவில் இப்போது ஹெர்ரிங் மீன் நிறைந்திருக்கிறது. பின்னாலேயே ஒரு திமிங்கிலக் குடும்பம். பார்க்கப் பார்க்க மனம் நிறைகிறது.

நாளை தண்ணீரில் இறங்காதே. பார்வையாளர் படியில் உட்கார்ந்து, ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் அது குளத்தை எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிப் பார்.

அம்மா