அப்பாவின் சேம்சைடு கோல்கள்

லெம்விக், டென்மார்க்
நவம்பர் 14

அண்ணா, அப்பாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருப்பதால் அவர் சொல்லச் சொல்ல நான், ஆக்னெஸ், எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் மறைக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பந்தாட்ட மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஹோல்கர் மாமா அடுக்களையில் கோப்பை கழுவுகிறார். அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் என் பேச்சு.

அன்புள்ள விகோ, என் ஒரு கையைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம், ஐஸ்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய். உன் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சேம்சைடு கோல் போட்டுவிட்டாயாம், முந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒரு தடவைகூட அப்படிச் செய்யாத என் பெயரைக் கெடுத்துவிட்டாயாம், பந்தாட்டத்தையே விட்டுவிட்டு ஊர் திரும்புகிறாயாம். படித்ததிலிருந்து அம்மா சாப்பிடவே இல்லை. (சாப்பிட்டாள். கறுப்பு ரொட்டி, நான்கு துண்டு.) உனக்குப் பதில் சொல்லுமுன் என் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தைப் பற்றிச் சொல்லவேண்டும். விருந்தில் எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டை எழுதும் பொறுப்பை அம்மா ஹோல்கரிடம் கொடுத்துவிட்டாள், பதினோரு வருஷம் எனக்குப் பின்னால் நின்று கோல் காத்தவனிடம் போய் யாராவது என் வாழ்க்கையைப் பாட்டாக எழுதச் சொல்வார்களா? அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுத்தான். ஒன்பது சரணம். கடைசிவரை பாடி முடிக்காமல் காபி வராது என்பதால் ஒருவரும் நிறுத்தவில்லை. அதில் சில சேம்சைடு கோல்கள் வந்தன. (ஆறு. தலையால் இரண்டு, முழங்காலால் மூன்று, பின்புறத்தால் ஒன்று. தேதியும் போட்டிருந்தது.) நான் பொய் என்று கத்தினேன். அதற்கு அவன், "டேய் கார்ஸ்டன், எதிராளி அடிச்சதைவிட நீ அடிச்சதைத் தடுக்கத்தான்டா எனக்குச் சம்பளமே" என்றான். முழங்கால் எப்படித் தவறாக மடங்கியது என்று விளக்க நாற்காலியில் ஏறினேன், அது சறுக்கியது. (அடுக்குக் கேக்கின்மேல் விழுந்தார். எங்களுக்குக் காபி மட்டும்தான்.)

ஆக விகோ, ஒரு தடவைகூட இல்லை என்று உன்னிடம் சொல்லிவந்தது பொய். உனக்குத் தைரியம் வரும் என்று நினைத்துச் சொன்னேன், அது இப்படி வந்து முடிந்திருக்கிறது. முதல் கோலுக்குப் பிறகு நானும் பையைக் கட்டினேன். ஹோல்கர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "அடுத்த ஆட்டத்துக்கு வர்றேன்னு சொல்லு, எந்திரிக்கிறேன்" என்றான். தொண்ணூற்றெட்டு கிலோ. அப்புறம் பத்து வருஷம் ஆடினேன். அங்கே உன் பையின்மேல் உட்கார ஆள் இல்லை, அதனால் இந்தக் கடிதத்தை அதன்மேல் வை. சனிக்கிழமை ஆடு. பந்தைப் பின்னால் தள்ளுமுன் கோல்காப்பாளனைக் கூப்பிடு. கம்பளிக் காலுறை போடு. நீ நன்றாக இருப்பாய்.

இடது கையால்,
உன் அப்பா கார்ஸ்டன்

(கையெழுத்துப் போட்டபின் அப்பா என் காதருகே, "ஏழாவது ஒண்ணும் இருக்கு, அதையும் எழுது. மழையில ஆடின அரையிறுதி. பேப்பர்ல ஹோல்கர் தப்புன்னு போட்டாங்க. என் முட்டிதான்" என்றார். அப்பாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, அடுக்களையில் கோப்பைச் சத்தம் நின்றது. ஹோல்கர் மாமா வந்து, "இருபத்திரண்டு வருஷமா மறைச்சியாடா?" என்று கேட்டு அப்பாவின் மடிமேல் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கோல் தன்னுடையது என்று அப்பா பத்திரிகைக்கு எழுதும்வரை எழுந்திருக்கமாட்டாராம். மன்றம் மூடும் நேரம் என்று உட்கார்ந்தபடியே கையை நீட்டி விளக்குகளையும் அணைத்துவிட்டார், இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.)