நடு யன்னலிலை ஒரு விளக்கு

என்ர குஞ்சுக்கு,

இஞ்சை கனடாவிலை, வோபர்னிலை பனி கொட்டுது. அப்பா வாசலிலை ஸ்னோ தள்ளுறார். நான் உன்ர வீட்டுப் படத்தைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன்.

இங்கிலாந்திலை நீ இருக்கிற அந்தச் சந்தை ஊரிலை சிவப்புச் செங்கல் வீடு, மேலை மூண்டு யன்னல். நடு யன்னல் மட்டும் எந்தப் படத்திலையும் திறந்திருந்ததில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்கு அதிலை ஒரு சிட்டி விளக்கு வை எண்டு எத்தினை தரம் சொன்னன்! 'அம்மா, அவர்...' எண்டு நீ தொடங்கினாலே போனை வைச்சிடுவன். நீ கட்டினவன் விடுறானில்லையாக்கும் எண்டு அப்பாவிலை பாய்ஞ்சன்.

நேற்று நீ படத்தோடை எழுதினதை வாசிச்சாப் பிறகுதான் விளங்கிச்சு. அது யன்னலே இல்லை. முகப்பு ரெண்டு பக்கமும் ஒத்து வரோணும் எண்டு, அந்தக் காலத்திலை செங்கல்லாலை அடைச்சுக் கட்டி, கறுப்புப் பூசி, வெள்ளைச் சட்டமும் கீறி விட்டிருக்கினம். உள்ளுக்கு வெறும் சுவர்.

எண்டாலும் படத்திலை அந்தப் பொய் யன்னலின்ர வெளிக்கட்டிலை விளக்கு எரியுது! கொட்டுற மழையிலை ஏணியிலை நிண்டு அதுக்குக் குடை பிடிக்கிறான் அந்தப் பெடியன். ஏன் உந்த விசர் வேலை எண்டு நீ கேட்க, 'அம்மா கேட்டவா தானே' எண்டானாம்.

உங்கட கலியாணப் படங்கள் இன்னும் கவருக்கைதான் கிடக்கு. இந்தப் படத்தை அப்பா ஃபிரிட்ஜிலை ஒட்டிப்போட்டார்.

சித்திரைக்கு ரெண்டு பேரும் வாறம். அதுவரைக்கும் என்ர மருமோனை ஏணியிலை ஏற விடாதை.

அன்போடை,
அம்மா