மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள்

திருத்தணி
3-6-2025

அன்புள்ள கல்பனாவுக்கு,

ஜெகநாதன் எழுதுவது. நான் நலம். நீயும் யுவஸ்ரீயும் நலம்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அரக்கோணத்திலும் அப்படித்தான் இருக்கும். துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறாய், மோராவது குடி.

"போன் பண்ணாதீங்க. எதுனா சொல்லணும்னா எழுதுங்க" என்று நீ சொல்லிவிட்டுப் போய் நாலு வருஷம். தீபாவளிக்கும், பள்ளிக்கூடம் திறக்கும்போதும் இரண்டு வரி எழுதுவதோடு சரி. இன்று ஒரு யோசனை கேட்க எழுதுகிறேன்.

நாகராஜன் ஒரு டிரஸ்ட் வேன் ஓட்டுகிறான், உனக்குத் தெரியும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வாரம் மூன்று நாள் திருவள்ளூருக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற வண்டி. எட்டுப் பேர். அவனுக்கு முழங்கால் போய்விட்டது. போன வாரம் நான் வேலை செய்யும் லாட்ஜுக்கே வந்துவிட்டான்.

"நீ ஓட்டுடா. கண்டவன்கிட்ட குடுத்துட்டுப் போக மனசு வரல" என்றான்.

என் லைசென்ஸ் போன வருஷம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. அட்டையும் கையில் இல்லை, அந்த ஆஸ்பத்திரி அலைச்சலில் எங்கேயோ தொலைந்தது. முடிந்து ஒரு வருஷம் தாண்டியதால், புதுப்பிக்க வேண்டுமென்றால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டுமாம். ஜூலை பதினைந்துக்குள் ஆள் சொல்ல வேண்டும் என்கிறான்.

நான் குடியை விட்டு மூன்று வருஷம் முடிந்தது. ஆனாலும் உன்னைக் கேட்காமல் ஸ்டியரிங்கைத் தொட மனம் வரவில்லை. நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். லாட்ஜில் ரூம் துடைக்கிற வேலை இருக்கவே இருக்கிறது.

யுவஸ்ரீயைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
ஜெகநாதன்


அரக்கோணம்
9-6-2025

யுவஸ்ரீ அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். யுவஸ்ரீ எட்டாவது போகிறாள். என் தோளுக்கு வந்துவிட்டாள்.

வண்டி ஓட்டுவதா வேண்டாமா என்பதை என் தலையில் கட்டாதீர்கள். ஓட்டு என்று சொல்லி, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் எட்டுக் குடும்பத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஓட்டாதே என்றால், கல்பனா என் பிழைப்பில் மண்ணைப் போட்டாள் என்பீர்கள். அன்றைக்குப் பொதட்டூர்ப்பேட்டை ரோட்டில் யாரைக் கேட்டு ஓட்டினீர்கள்? ஒன்பது வயதுப் பிள்ளை முன்சீட்டில் இருந்தாள். வண்டி வயலில் இறங்கி, அவள் கை இரண்டாக முறிந்தது. டாக்டர் கேட்டபோது, "மாடு குறுக்க வந்துட்ச்சி சார்" என்றீர்கள். உங்கள் வாயில் அடித்த நாற்றம் எனக்குத் தெரியும். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்றேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். அட்டை தொலைந்தால் போலீசில் எழுதிக்கொடுத்து வேறு அட்டை வாங்கலாம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாலு வருஷமாக ஏன் வாங்கவில்லை?

கல்பனா


திருத்தணி
14-6-2025

அன்புள்ள கல்பனாவுக்கு,

நீ எழுதியது அத்தனையும் நியாயம். மாடு எதுவும் வரவில்லை. நான்தான்.

ஏன் வாங்கவில்லை என்று கேட்டாய். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ விட்டுப் போன அந்த மாதமே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதுகிறவர் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, "எங்கய்யா தொலைச்ச?" என்றார். "அப்புறம் வரேங்க" என்று திரும்பிவிட்டேன். இன்னொரு முறை வாசல் வரைக்கும் போனேன்.

பயம்தான், கல்பனா. அட்டை பையில் இருந்தால் எவனாவது வண்டிக்குக் கூப்பிடுவான். வண்டி ஏறினால் சவாரி முடிந்ததும் நாலு பேர் சேர்ந்து கடைக்கு இழுப்பார்கள். எனக்கு என்னைத் தெரியும். அட்டை இல்லாமல் போனதே நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன். கேட்பவர்களிடம் தொலைந்துவிட்டது என்றேன். உண்மையில் நான் தேடவே இல்லை. குடியை விட்டதுகூட அதற்கு ஒரு வருஷம் கழித்துத்தான். அதற்கு முன்னால் அட்டை கையில் கிடைத்திருந்தால் இன்று இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

உன் தலையில் கட்டியது தப்பு. நானே முடிவு செய்துவிட்டேன். ஓட்டிப் பார்க்கிறேன். கை சரியில்லை என்றால் நானே நாகராஜனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். போலீசில் எழுதிக்கொடுக்க நாளைக்குப் போகிறேன்.

ஜெகநாதன்


அரக்கோணம்
17-6-2025

யுவஸ்ரீ அப்பாவுக்கு,

போலீசுக்குப் போக வேண்டாம். போயிருந்தால் அந்த மனுவை வாபஸ் வாங்குங்கள். இதோடு உங்கள் லைசென்ஸ் இருக்கிறது. அதனால்தான் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன்.

ஆஸ்பத்திரியில் உங்கள் சட்டையைத் துவைக்கக் கொடுத்தீர்களே, அதன் பையிலிருந்து எடுத்தேன். கோபத்தில் எடுத்தேன். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், பிளாஸ்டிக் அட்டை, கிழியவில்லை. அதையும் எடுத்துக்கொண்டுதான் அரக்கோணம் வந்தேன்.

அதற்குப் பிறகு கோபம் போய் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவர் லாட்ஜில் பக்கெட் தூக்குகிறார் என்று உங்கள் பக்கத்து வீட்டு பிரேமா இங்கே வந்து சொன்னாள். அவள் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மனுஷன் பிழைப்பைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேனே என்று நாலு வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது. திருப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டு ஓட்டுவீர்கள், கொடுக்காவிட்டால் நான் பாவி. யாரிடம் சொல்வது?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்களே தேடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியை மட்டும் இன்னும் இரண்டு முறை படித்தேன். அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஏம்மா அழுவற?" என்றாள் யுவஸ்ரீ. "வெங்காயம்டீ" என்றேன். கையில் வெங்காயம் இல்லை.

எடுத்தது தப்புதான். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. தப்பு என்று மட்டும் எழுதுகிறேன்.

கல்பனா


திருத்தணி
26-6-2025

கல்பனாவுக்கு,

அட்டை வந்து சேர்ந்தது. நீ எடுத்தது தப்பில்லை. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

டாக்டர் சர்டிபிகேட் வாங்கிவிட்டேன். கண் சரியாக இருக்கிறதாம். ஜூலை 2, புதன்கிழமை காலை இங்கே ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். பழைய வண்டி ஸ்டாண்டு எல்லப்பன் அவனுடைய சின்ன வேனைத் தருகிறேன் என்றிருக்கிறான்.

ஜெகநாதன்


திருத்தணி
3-7-2025

அன்புள்ள கல்பனாவுக்கு,

பாஸ்.

முதலில் அதை எழுதிவிட்டேன், இனி நிதானமாகச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். வரிசையில் முக்கால்வாசி கல்லூரிப் பிள்ளைகள். ஒரு பெண், "அங்கிள், நீங்க ஃபர்ஸ்ட் டைமா?" என்றாள். "ஆங், ஒரு மாதிரி அப்டித்தாம்மா" என்றேன்.

இன்ஸ்பெக்டர் என் பேப்பரைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினேன். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது.

"எத்தினி வருஷம் ஓட்டியிருக்கீங்க?"

"இருவத்திரண்டு வருஷங்க."

"அப்புறம் ஏன் வண்டி இப்டி குதிக்குது?"

"நாலு வருஷமா தொடலங்க."

"ஏன்?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். முதுகு வலி என்றால்கூட நம்பியிருப்பார். ஆனால் வாயில் வேறுதான் வந்தது. "குடிச்சிட்டு ஓட்டி எம் பொண்ணு கைய ஒடச்சிட்டேங்க. இப்ப குடிக்கறதில்ல."

அவர் என்னையே பார்த்தார். எழுதுகிற அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார். முடிந்தது, இறங்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"கண்ணாடிய சரி பண்ணுங்க. பெல்ட் போடுங்க. இப்ப எடுங்க" என்றார்.

எடுத்தேன். இரண்டாவது கியருக்குப் போனதும் பழைய பழக்கம் கைக்குத் திரும்பிவிட்டது. வளைவில் ஒரு நாய் படுத்திருந்தது. நிறுத்தி, அது எழுந்து போகும் வரைக்கும் காத்திருந்தேன். ஹாரன் அடிக்கவில்லை. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், ஒரே முறையில் எடுத்தேன். "போட்டோ எடுக்கற கவுன்ட்டருக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். போட்டோ எடுத்தால் பாஸ் என்று அர்த்தமாம், அந்தக் கல்லூரிப் பெண்தான் சொன்னாள்.

பதினாலாம் தேதியிலிருந்து வண்டி. முதல் இரண்டு நாள் நாகராஜன் கூட வருவான். அதற்குள் அந்த எட்டுப் பேரையும் வீட்டிலேயே போய்ப் பார்த்து, என்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். வேண்டாம் என்பவர் இப்போதே சொல்லட்டும்.

இதை முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

ஜெகநாதன்


அரக்கோணம்
7-7-2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆனால் பாஸ் என்பது எனக்குப் புதன்கிழமையே தெரியும்.

கடையில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் காலை ரயிலில் திருத்தணி வந்தேன். மைதானத்துக்கு எதிரே கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். வேன் குதித்து நின்றபோது, "ஐயோ முருகா" என்று கத்திவிட்டேன். ஜூஸ்காரர், "யாரும்மா அது, உங்க வூட்டுக்காரரா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த வார்த்தை என் வாயில் வந்து எத்தனையோ நாளாயிற்று.

அதற்குப் பிறகு உள்ளே என்ன பேசினீர்கள் என்று தெரியாமல் தவித்தேன். நீங்கள் எழுதித்தான் தெரிந்தது. நாய்க்காக நிறுத்தியதைப் பார்த்தேன். நீங்கள் போட்டோ கவுன்ட்டருக்குப் போனபோது, அப்படியென்றால் பாஸ்தான் என்று ஜூஸ்காரர் சொன்னார். அப்புறம் வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டீர்களே, அதையும் பார்த்தேன். கிட்டே வந்திருந்தால் நானும் உட்கார்ந்து அழுதிருப்பேன், அத்தனை பேர் நடுவில். அதனால் ரயிலுக்குப் போய்விட்டேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் நன்றாகத் தூங்கிவிட்டேன். அப்படித் தூங்கி எவ்வளவோ நாளாயிற்று. எனக்கு முன்னால் இருந்த அம்மாதான் அரக்கோணம் என்று எழுப்பிவிட்டார்.

யுவஸ்ரீயிடம் அன்றைக்கே சொன்னேன். "அப்பா பாஸா?" என்றாள். ராத்திரி பாய் விரிக்கும்போது, "அப்ப நா அவரு வண்டில ஏறலாமாம்மா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு நாலு நாள் ஆயிற்று. நேற்றுத்தான் சொன்னேன், ஏறலாம் என்று.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். பத்து மணிக்கு ரயில் ஸ்டேஷனில் இருங்கள். எல்லப்பன் அண்ணனிடம் வேனைக் கேட்டு வையுங்கள், மலைக்கு நீங்கள் ஓட்ட நாங்கள் வருகிறோம். சாயங்காலம் நாங்கள் அரக்கோணம் திரும்பிவிடுவோம், அதில் மட்டும் வற்புறுத்தாதீர்கள். மற்றதை மெதுவாகப் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கு ஓட்டலில் எதுவும் சொல்லிவிடாதீர்கள். மூன்று பேருக்கும் நான் கட்டி எடுத்து வருகிறேன்.

உங்கள்
கல்பனா